பைன் மரத்தில் கூட்டமாகத் தலையாட்டும் புழு: மருந்து வாங்குமுன் கால்களை எண்ணுங்கள்

சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் ஒரு அக்கா கேட்டது சுருக்கமாக இது. டொரோண்டோவுக்குப் பக்கத்தில் மகள் வீடு. வாசலில் ஒரு குட்டை பைன் மரம். மே மாதக் கடைசியில் மகள் அனுப்பிய காணொளியில் கிளை முழுக்கச் சாம்பல் பச்சைப் புழுக்கள். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையை வெடுக்கென்று தூக்குகின்றன. மரத்தின் உள்பக்கம் ஏற்கெனவே மொட்டை. மாப்பிள்ளை "வெட்டி எறிந்துவிடலாம்" என்கிறார். மரம் பிழைக்குமா? இங்கே சமூகத் தோட்டத்தில் புழுவுக்கு அடிக்கிற பி.டி. மருந்தை அவர்களும் அடிக்கலாமா? கிறிஸ்துமஸ் மரத்தோடு இது சிங்கப்பூருக்கும் வந்துவிடாதா?

அக்கா, மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ரம்பத்தை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பி.டி. மருந்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அது இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. சிங்கப்பூரைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அவசரமாகப் பதில் தேவைப்படுகிறவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பூச்சிகளில் இது ஒன்று.

காணொளியில் தெரிவதை வைத்துச் சொன்னால்: பளபளக்கும் கறுப்புத் தலை, சாம்பல் பச்சை உடம்பு, முதுகில் நீளவாக்கில் ஒரு வெளிர்கோடு, இரண்டு பக்கமும் கரும்பட்டை, கூட்டமாக இருப்பது, அதுவும் மே மாதத்தில். இவ்வளவும் ஒன்றுசேர்ந்தால் அது ஐரோப்பிய பைன் சாஃப்ளை. ரம்ப ஈ என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் நியோடிப்ரியான் செர்டிஃபெர். தலை செம்பழுப்பாக இருந்து, உடம்பு மஞ்சளாகக் கறுப்புப் புள்ளிகளோடு இருந்திருந்தால் அது வேறொரு ரம்ப ஈ, அப்போது என் பதிலும் கொஞ்சம் மாறியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேரில்தான் ஈ. உண்மையில் தேனீ, குளவி, எறும்பு எல்லாம் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது இது. ஆனால் குளவிக்கு இருப்பதுபோல ஒடுங்கிய இடை இதற்குக் கிடையாது, கொட்டவும் கொட்டாது. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் பல் வைத்த சின்ன ரம்பம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து ஊசியிலையின் ஓரத்தைக் கீறி, கீறலுக்கு ஒரு முட்டையாக உள்ளே வைக்கும். ஓர் ஊசியிலையில் ஏழெட்டு முட்டை வரிசையாக இருக்கும். அது நிறைந்ததும் பக்கத்து ஊசிக்குப் போகும். பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் தன் வேலையை முடித்துவிடும். காணொளியில் ஒரே கொத்தில் அத்தனை புழுக்கள் இருக்கக் காரணம் இதுதான், பெரும்பாலும் எல்லாம் ஒரு தாய் மக்கள்.

சரி, மருந்து விஷயத்துக்கு வருவோம். மக்கள் வீணாகக் காசு செலவழிப்பது இங்கேதான். பார்த்தால் அச்சு அசல் வண்ணத்துப்பூச்சியின் புழு மாதிரியே இருக்கும், கடைக்காரரே ஏமாந்து பி.டி. புட்டியை எடுத்துக் கொடுப்பார். வித்தியாசம் கால்களில் இருக்கிறது.

உங்கள் வீட்டு நடைபாதையில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் நான் சொல்வதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். அதில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு அடிக்கடி வரும். ஓர் இலையோடு எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். தலைக்குப் பின்னால் 3 ஜோடிக் கூரான கால்கள். அப்புறம் கால் இல்லாத இரண்டு வளையங்கள். அதற்குப் பின்னால் 4 ஜோடித் தடித்த போலிக்கால்கள், வால் நுனியில் இன்னொரு ஜோடி. ஆக, போலிக்கால் 5 ஜோடி. (அழுத்திப் பிடித்துவிடாதீர்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி நாறடித்துவிடும்.) மகள் வீட்டுப் புழுவில் அந்தக் காலில்லாத இடைவெளி ஒரே ஒரு வளையம்தான். உடனே போலிக்கால்கள் தொடங்கி வால் வரைக்கும் நெருக்கமாகப் போகும், மொத்தம் 8 ஜோடி. கையில் லென்ஸ் இருந்தால் இன்னொன்றும் தெரியும். வண்ணத்துப்பூச்சிப் புழுவின் போலிக்கால் நுனியில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருக்கும், ரம்ப ஈப் புழுவுக்கு அவை இருக்காது. கண்ணும் வேறு. இதற்குத் தலையின் பக்கத்துக்கு ஒரே ஒரு கறுப்புக் கண்புள்ளி. வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்குப் பொடிப்பொடியாகப் பல கண்கள் ஒரு கொத்தாக இருக்கும்.

கால் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், தோட்டக்கடைகளில் புழுவுக்கென்று விற்கிற பி.டி. என்பது ஒரு பாக்டீரியா. அதன் படிகப் புரதம் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில் கரைந்து, அங்கே இருக்கும் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக் குடலைத் துளைக்கிறது. ரம்ப ஈயின் குடல் அதற்குப் பொருந்தாது. அதனால் புழு பாட்டுக்கு மருந்தையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். இங்கே தேசிய சுற்றுப்புற வாரியம் கொசுப்புழுவுக்குப் பயன்படுத்தும் பி.டி.ஐ. அதே பாக்டீரியாவின் இன்னொரு வகை. அது கொசுவைக் கொல்லும், உங்கள் கறிவேப்பிலைப் புழுவைக் கொல்லாது. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு குடல். இப்படிக் குறி பார்த்து அடிப்பதால்தான் பி.டி. நல்ல மருந்து என்கிறோம். அதே காரணத்தால்தான் இங்கே அது உதவாது.

அந்தத் தலையாட்டலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. பைன் ஊசியில் பிசின் இருக்கிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அது விஷம். இந்தப் புழு ஊசியை மெல்லும்போது பிசினை மட்டும் பிரித்து, குடலின் முன்பகுதியில் இருக்கும் இரண்டு பைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிசின் செரிமானக் குடலுக்கே போவதில்லை, எச்சத்திலும் வருவதில்லை. எறும்போ சிலந்தியோ வந்து தொட்டால் தலையை அந்தப் பக்கம் திருப்பி, வாயிலிருந்து ஒரு சொட்டுப் பிசினை எடுத்து எதிரியின் மேல் பூசிவிடும். எறும்பு ஒட்டிக்கொண்டு தவிக்கும். பூச்சி ஆய்வாளர் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய சகாக்களும் 1974இல் இதே இனத்தை வைத்துத்தான் இதை விளக்கினார்கள். மரம் தன்னைக் காக்கத் தயாரித்த ஆயுதத்தை, அந்த மரத்தைத் தின்றுகொண்டே தன் ஆயுதமாக்கிக்கொள்கிற சாமர்த்தியம் இது! நூறு தலைகள் ஒரே நேரத்தில் எழும்பினால் பறவையும் கொஞ்சம் யோசிக்கும். மகள் கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், அதைத் தாண்டி ஆபத்து எதுவும் இல்லை.

இதன் நெருங்கிய உறவான டிப்ரியான் பினி என்ற இனத்தைப் பின்லாந்தில் ஆராய்ந்தவர்கள், கூட்டத்தில் எல்லாப் புழுக்களும் அப்படிச் சொட்டு விடுவதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். பெண் புழுக்கள் பாதுகாப்புக்கு அதிகம் பங்களிக்கின்றன, ஆண்கள் குறைவாக. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மரம் பிழைக்குமா என்பதற்கு வருகிறேன். இந்தப் புழுக்கள் வசந்த காலத்தில், ஏப்ரல் பிற்பகுதியிலோ மே மாதத்திலோ பொரிக்கின்றன. அப்போது மரத்தில் இருப்பவை போன வருடத்துக்கும் அதற்கு முந்தைய வருடங்களுக்கும் உரிய பழைய ஊசிகள்தான். கிளை நுனியில் புதுத் துளிர் அப்போதுதான் நீளத் தொடங்கியிருக்கும். இளம் ஊசியில் புழுவுக்குப் பிடிக்காத இரசாயனங்கள் இருப்பதால் அதைத் தொடாது. குட்டிப் புழுவாக இருக்கும்போது வாய் சின்னது. ஊசியின் பச்சையை மட்டும் சுரண்டிவிட்டு நடு ஈர்க்கை விட்டுவிடும், அது காய்ந்து பழுப்பாகச் சுருண்டு தொங்கும். கூர்ந்து பார்ப்பவருக்கு இதுதான் முதல் அடையாளம். வளர்ந்த பிறகு ஊசியை நுனியிலிருந்து அடி வரை முழுதாகத் தின்னும். ஒரு கிளை காலியானதும் மொத்தக் கூட்டமும் அடுத்த கிளைக்குக் குடிபெயரும். புது ஊசிகள் முற்றித் தின்னத் தகுந்ததாக ஆவதற்குள், மே கடைசி ஜூன் முதல் பாதிக்குள், புழுக்கள் தின்று முடித்துக் கீழே இறங்கிவிடும்.

அதனால் மொட்டையானது உள்பக்கம் மட்டும்தான், நுனியில் இந்த வருடத் துளிர் பத்திரமாக இருக்கும். மரம் பாட்டில் கழுவும் பிரஷைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி விகாரமாக நிற்கும், அவ்வளவுதான். அந்த நுனி ஊசிகளை வைத்து மரம் இந்த வருடத்தை ஓட்டிவிடும். வளர்ச்சி குறையும், சாகாது. ஒன்றை மட்டும் மகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மொட்டையான பழைய பகுதியில் மறுபடி ஊசி முளைக்காது. பைன் மரம் நுனியில்தான் புதிது விடும். மரம் பழையபடி அடர்த்தியாகத் தெரிய இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அழகுபடுத்துகிறேன் என்று கிளையை மொட்டைப் பகுதி வரைக்கும் வெட்டினால் அந்தக் கிளை அப்படியே பட்டுப்போகும். மாப்பிள்ளை செய்யக்கூடிய பெரிய கெடுதல் அதுதான், புழு செய்ததைவிடப் பெரிது.

நான் மேலே சொன்ன செந்தலை ரம்ப ஈ வேறு கதை. வட அமெரிக்காவுக்கே உரியது, நியோடிப்ரியான் லெகோண்டெய் என்று பேர். அது கோடையில் தாமதமாக வருவதால் பழைய ஊசி, புது ஊசி இரண்டையும் தின்றுவிடும். சின்ன மரங்களை அது உண்மையிலேயே கொன்றுவிடும். அதனால்தான் தலையின் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். ஐரோப்பிய இனமே திரும்பத் திரும்பப் பல வருடம் தாக்கினாலும், வறட்சியில் வாடும் மரமாக இருந்தாலும் ஆபத்து உண்டு. ஒரு வருடத் தாக்குதலுக்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது என்ன செய்வது? புழு இன்னும் சின்னதாக, ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு கொத்தோடு உருவி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் கும்பலாக இருப்பது நமக்கு வசதி. கீழே பழைய துணியை விரித்துக் கிளையை உலுக்கினாலும் நிறைய விழும். இவ்வளவே ஒரு வீட்டு மரத்துக்குப் போதும். மருந்துதான் வேண்டும் என்றால் பூச்சிச் சோப்புக் கரைசல், அதுவும் புழுவின் மேல் நேராகப் பட வேண்டும், இலையில் காய்ந்த பிறகு பயனில்லை. ஒன்டாரியோ மாநிலத்தில் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்துவதற்காகப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2009 ஏப்ரலில் இருந்து கடுமையான தடை இருக்கிறது. அதனால் இங்கிருந்து எதையாவது வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். அங்கே கடையில் எது அனுமதிக்கப்பட்டது என்று கேட்டு வாங்கட்டும்.

காணொளியில் இருப்பவை ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்தவை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இந்த நிலையில் மருந்து அடிப்பது பந்தி முடிந்த பிறகு கதவைச் சாத்துவதுதான். இன்னும் சில நாளில் அவையே இறங்கிப் போய்விடும். மகள் செய்ய வேண்டியது கோடையில் வேருக்கு ஆழமாகத் தண்ணீர் விடுவது. உரத்தை அள்ளிப் போடத் தேவையில்லை.

இறங்கிய புழுக்கள் மரத்தடிச் சருகில் பொன்பழுப்பு நிறத்தில், மாத்திரை அளவில் கூடு கட்டும். கோடை முழுக்க அதற்குள்ளே. செப்டம்பர், அக்டோபரில் வெளியே வரும். பெண் மஞ்சள் பழுப்பு. ஆண் கறுப்பு, அதன் உணர்கொம்பு இறகு மாதிரி கிளைவிட்டிருக்கும், பெண் காற்றில் விடும் வாசனையைப் பிடிக்க அது உதவுகிறது. ஆண் கிடைக்காவிட்டாலும் பெண் முட்டை இடும். அப்படி இட்டவை எல்லாம் ஆணாகவே பிறக்கும். தேனீயிலும் எறும்பிலும் இதே கணக்குதான்.

அந்தக் கூடுகளைப் பற்றி ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகத்தில் சூழலியல் படித்த பிள்ளைகளைக் கேட்டால் ஹோலிங் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1950களில் சி.எஸ். ஹோலிங், தெற்கு ஒன்டாரியோவின் பைன் தோப்புகளில் இதே ரம்ப ஈயின் கூடுகளைத் தேடிக்கொண்டு அலைந்தார். சருகுக்குள் கூடு நகராமல் கிடக்கும். இரண்டு வகை மூஞ்சூறும் ஒரு வகைக் காட்டு எலியும் அதைத் தோண்டித் தின்னும். தின்ற பிறகு காலிக்கூடு அங்கேயே கிடக்கும், அது கடித்துத் திறக்கப்பட்ட விதத்தைப் பார்த்தே எந்தப் பிராணி தின்றது என்று அவரால் சொல்ல முடிந்தது. கூடுகள் கூடக் கூட ஒவ்வொரு பிராணியும் எவ்வளவு அதிகமாகத் தின்னும், எந்த இடத்தில் "இதற்குமேல் முடியாது" என்று நிற்கும் என்பதை அவர் வரைபடமாகப் போட்டு 1959இல் வெளியிட்டார். அதே வருடம் இன்னொரு கட்டுரை. உதவியாளர் ஒருவரின் கண்ணைக் கட்டி, மேசையில் ஊசியால் குத்திய உப்புத்தாள் வட்டுகளை விரலால் தட்டித் தேடி எடுக்கச் சொன்னார். எடுத்து வைக்கவே நேரம் போவதால், வட்டு எவ்வளவு அதிகமானாலும் வேகம் ஓர் அளவுக்குமேல் ஏறவில்லை. அதிலிருந்து வந்த வட்டுச் சமன்பாடு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சிங்கமும் மானும் பற்றிய கணக்கு என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் புகழ்பெற்ற ஆய்வின் மூலப்பொருள் ஒரு மூஞ்சூறும் உங்கள் மகள் வீட்டு வாசலில் இருக்கும் பூச்சியும்தான்.

மூஞ்சூற்றின் திறமையைக் கனடாக்காரர்கள் நம்பியும் விட்டார்கள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் லார்ச் மரங்களை இன்னொரு ரம்ப ஈ அழித்துக்கொண்டிருந்தபோது, 1958இல் நிலப்பகுதியிலிருந்து மூஞ்சூறுகளைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். பிள்ளையார் வாகனத்துக்கு அரசாங்க உத்தியோகம்! இப்போது அவை தீவு முழுக்கப் பரவியிருக்கின்றன.

பெயரே சொல்வதுபோல் இது ஐரோப்பாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1925இல் நியூ ஜெர்சியில் தென்பட்டது, கனடாவில் 1939இல் ஒன்டாரியோவின் வின்ட்சர் பக்கம். நாற்றங்கால் செடிகளோடு பரவியது, சொந்த ஊரில் இருந்த எதிரிகள் அதோடு சேர்ந்து வரவில்லை. எதிரிகளில் முக்கியமானது ஒரு வைரஸ். அதன் கதை கொஞ்சம் வேடிக்கை. 1930இல் கியூபெக்கின் காஸ்பே தீபகற்பத்தில் ஸ்ப்ரூஸ் காடுகளை வேறொரு ஐரோப்பிய ரம்ப ஈ மொட்டையடித்துக்கொண்டிருந்தது. அதை அடக்க ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். குளவிகளோடு யாரும் கேட்காமலே ஒரு வைரஸும் வந்து இறங்கியது. சில வருடங்களில் புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துத் தொங்கின, படையெடுப்பு அடங்கிவிட்டது. தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்து பார்க்கலாமே என்று, 1940களின் கடைசியில் எஃப்.டி. பேர்ட் என்ற கனடிய ஆய்வாளர் பைன் ரம்ப ஈக்குரிய வைரஸை ஸ்வீடனிலிருந்து தருவித்தார். அது நன்றாக வேலை செய்தது. காரணம் இந்தப் புழுவின் அதே கூட்டுவாழ்க்கை. ஒன்றுக்கு வந்தால் ஊசியிலை வழியாகக் கூட்டத்துக்கே தொற்றிவிடும். குடலின் உள்சுவரைத் தாக்கும், வேறு பூச்சியையோ பறவையையோ மனிதரையோ தொடாது. பி.டி.யைவிடவும் குறுகிய குறி. கூட்டமாக நின்று பிசின் சொட்டால் எறும்பை விரட்டுகிற பலம், வைரஸ் முன்னால் அப்படியே பலவீனமாகிவிடுகிறது. மகள் மரத்தில் சில புழுக்கள் பழுப்பாகி, பின்கால் பிடியில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கூழாக உடைந்தால், அதை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். மீதியை வைரஸ் பார்த்துக்கொள்ளும்.

மரமும் சும்மா நிற்பதில்லை. டிப்ரியான் பினி முட்டையிட ஊசியைக் கீறியதும், ஸ்காட்ஸ் பைன் மரம் தான் விடும் வாசனையை மாற்றுகிறது, அந்த வாசனையை மோப்பம் பிடித்து முட்டைக்குள் முட்டையிடும் பொடிக் குளவி ஒன்று வந்து சேர்கிறது. ஜெர்மனியில் இதை ஆராய்ந்து 2002 வாக்கில் எழுதினார்கள். புழு பொரிக்குமுன்பே மரம் ஆள் வைத்துவிடுகிறது.

சிங்கப்பூர்க் கேள்வி சுலபம். இந்தப் பூச்சிக்கு பைன் வேண்டும். நம் ஊரில் பைன் காடே கிடையாது. ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சாங்கிக் கடற்கரையிலும் ஊசி ஊசியாகத் தொங்கும் மரத்தைப் பார்த்து நிறையப் பேர் பைன் என்று நினைக்கிறார்கள். அது நம் சவுக்கு. தஞ்சோங் ரூவுக்குப் பேர் வந்ததே இந்த மரத்தால்தான். சவுக்கு பூக்கும் மர வகை, அதில் ஊசிபோல் தெரிவது இலைகூட இல்லை, கணுக்கணுவாக இருக்கும் மெல்லிய கிளை. ஒன்றை இழுத்துப் பாருங்கள், கணுவில் 'டக்'கென்று பிரியும், அந்த இடத்தில் பல் பல்லாக இருப்பவைதான் இலை. அடுக்குமாடி நடைபாதைகளில் தொட்டியில் வைத்திருக்கும் நார்ஃபோக் பைனும் பேரில்தான் பைன். பக்கத்தில் உண்மையான பைன் பார்க்க வேண்டுமென்றால் சுமத்ராவுக்குப் போக வேண்டும். தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் இருப்பது மெர்குசி பைன், நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளரும் ஒரே பைன் இனம் அது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே விற்கும் வெட்டு மரங்கள் பெரும்பாலும் நோபல், ஃப்ரேசர் போன்ற ஃபிர் வகைகள், பைன் அல்ல. ஒருவேளை பைனாகவே இருந்து, டிசம்பரில் ஊசிக்குள் முட்டையும் இருந்தால்கூட, முட்டைக்கு உயிருள்ள ஊசியின் ஈரம் வேண்டும். வரவேற்பறையில் மின்விசிறிக்கடியில் காயும் மரத்தில் அது பிழைக்காது. மைனஸ் 30 டிகிரிக்குப் பக்கம் வரை குளிரைத் தாங்கி, வசந்தத்தில் பொரிப்பதற்காக அமைந்த முட்டை அது. பருவமே மாறாத நம் ஊர் அதற்கு ஒத்துவராது. இது தவிர, செடிகொடிகளை இறக்குமதி செய்ய அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். மகள் அடுத்த முறை வரும்போது பேரப்பிள்ளைகளுக்காக பைன் கன்று, மண் ஒட்டிய வேர் என்று எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராமல் இருந்தால் சரி.

ரம்ப ஈ வகைகளே நம் பக்கத்தில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கடுகு, முள்ளங்கி போட்டவர்களுக்குக் கடுகு ரம்ப ஈயைத் தெரியும், கரும்பச்சைப் புழு, தொட்டால் செத்ததுபோல் சுருண்டு விழும். சுமத்ராவில் நீலமாக மினுங்கும் ஒரு ரம்ப ஈ காட்டு முட்செடி ஒன்றைத் தின்கிறது. அந்த முட்செடி, தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரியூனியன் தீவில் காடெல்லாம் பரவித் தொல்லை கொடுத்ததால், பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த ஈயைச் சுமத்ராவிலிருந்து கொண்டுபோய் அங்கே விட்டார்கள். முட்செடி நன்றாகவே அடங்கியது. தேனீ வளர்ப்பவர்கள்தான், தங்கள் தேனீக்களுக்குக் கெடுதல் என்று சண்டைக்கு வந்தார்கள்.

கடைசியாக, அடுத்த வருடத்துக்கு மகள் செய்ய வேண்டியது. அக்டோபருக்குப் பிறகு, பனி கொட்டுமுன் ஒரு வெயில் நாளில் மரத்தைச் சுற்றி வந்து கிளை நுனிகளைப் பார்க்கட்டும். அந்த வருடம் விட்ட ஊசிகளின் ஓரத்தில் சீரான இடைவெளியில் மஞ்சள் அல்லது பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அவைதான் முட்டைகள். குட்டை மரம் என்பதால் எல்லா நுனியும் கைக்கு எட்டும். புள்ளி உள்ள ஊசிகளை மட்டும் கிள்ளி எடுத்துக் குப்பைப் பைக்குள் கட்டிப் போட்டுவிடட்டும், நுனியில் இருக்கும் மொட்டுகளைக் கிள்ளிவிடக் கூடாது. விட்டுப்போனதற்கு ஏப்ரல் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பழைய ஊசிகளில் சுருண்ட பழுப்பு ஈர்க்கு தெரிகிற இடத்தில், அரை சென்டிமீட்டர் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது மாப்பிள்ளை கையில் கையுறையும் வாளியும் கொடுங்கள்.